வாசற்படியோடு நின்றுவிடும் குடும்ப உழைப்புக் கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் கார் சாகுபடி வேலைகள் சூடு பிடித்துவிடும். நாற்றங்கால், தொழி உழவு, வரப்பு வெட்டு, நடவு என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்ற பேச்சு டீக்கடை தோறும் கேட்கும். ஆனால் அந்த வீடுகளிலேயே கூலியில்லாமல், கணக்கிலும் வராமல் நடக்கும் உழைப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி டீக்கடையில் பேச்சு வருவதில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு டீக்கடையில் உட்கார நேரமில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒன்றரை ஏக்கர் நன்செய்யும் இரண்டு கறவை மாடுகளும் உள்ள ஒரு சிறு விவசாயி வீட்டின் நடவு நாளை எடுத்துக் கொள்ளலாம். வீட்டுப் பெண் காலை நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, தொழுவத்தில் சாணம் அள்ளி, பால் கறக்கிறார். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடங்களை நிரப்புகிறார். பிறகு காலைப் பலகாரம், மதியச் சோறு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது, நடவு ஆட்களுக்குப் பதினொரு மணி டீ. இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் அவரும் சேலையை இழுத்துச் செருகிக் கொண்டு தொழிக்குள் இறங்குகிறார். வீட்டுக்காரர் ஐந்தரைக்கு எழுந்து மடை பார்த்துவிட்டு, பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருகிறார். பகல் முழுவதும் இருவருக்கும் வயலில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் அவர் கால் கழுவித் திண்ணையில் உட்காருகிறார். அந்தப் பெண் கால் கழுவி அடுப்படிக்குப் போகிறார். இரவு பாத்திரம் தேய்த்து, மாவு ஆட்டி எடுத்து வைத்துப் படுக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருவரும் உழைக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய வேலை நாள் வயலோடு முடிகிறது. இன்னொருவருடைய வேலை நாளுக்கு வயலுக்கு முன்னே ஒரு பாதி, பின்னே ஒரு பாதி இருக்கிறது.

சாகுபடிச் செலவில் ஒரு விடுதல்

நெல்லுக்கும் மற்ற பயிர்களுக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அதற்கான சாகுபடிச் செலவில் விதை, உரம், மருந்து, கூலி, டிராக்டர் வாடகை ஆகியவற்றோடு குடும்பத்தார் வயலில் செய்யும் வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறார்கள். இந்தச் செலவைப்போல் ஒன்றரை மடங்கு விலை என்பதுதான் 2018-19 மத்திய பட்ஜெட்டில் சொல்லப்பட்ட கணக்கு. மனைவி தன் சொந்த வயலில் களை பறித்தால் அது செலவில் சேரும். அவரே நடவு ஆட்களுக்கு டீ போட்டால் சேராது. உழுதுவிட்டு வருகிற கணவனுக்குச் சோறு பொங்கினாலும், அவர் வேட்டியிலிருந்து சேற்றைத் துவைத்து எடுத்தாலும் சேராது. குடும்ப உழைப்பின் கணக்கு வயல் வரப்பில் தொடங்கி வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஆனால் அந்தச் சோறு இல்லாமல் அந்த உழவு நடக்காது. அந்தப் பெண் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டால் இது எல்லோருக்கும் விளங்கிவிடும். ஓட்டலில் சாப்பாடு வாங்க வேண்டும், மாட்டுக்கு ஆள் வைக்க வேண்டும், பால் குறையும், களை எடுக்கும் பருவம் தவறும். நட்ட இருபதாம் நாள் எடுக்க வேண்டிய களையை முப்பதாம் நாள் எடுத்தால், போட்ட உரத்தில் ஒரு பங்கைக் களை தின்றுவிட்டிருக்கும். அப்போதுதான் அந்த வேலையின் விலை ரூபாயாகத் தெரிய வருகிறது.

நாடு முழுவதும் மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்தியப் புள்ளியியல் துறை 2019-ம் ஆண்டில் வீடு வீடாகக் கேட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 81 பேர் கூலியில்லா வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான். வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இந்த 97 நிமிடத்தைப் பார்த்து ஆண்கள் தங்களை மெச்சிக் கொள்ள வேண்டியதில்லை. அது ஏதாவது வீட்டு வேலை செய்த 26 பேரின் சராசரி. மற்ற 74 பேர் அன்றைக்கு ஒரு தம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை. 2024-ல் மறுபடியும் கேட்டபோது பெண்களின் நேரம் 289 நிமிடம், ஆண்களின் நேரம் 88 நிமிடம். ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம்; ஆண்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே மிச்சம்!

எந்திரம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்தியது?

ஒரு தலைமுறைக்கு முன்பு ஆண்களின் வயல் வேலை மிகக் கடினமானது. விடியுமுன் மாடு பூட்டி ஏர் ஓட்ட வேண்டும். கமலை இறைக்க வேண்டும். கதிர்க் கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டு போய், அடித்து, பிணையல் விட்டு, தூற்ற வேண்டும். அப்படி உழைத்து வந்தவர் திண்ணையில் சாய்ந்ததில் நியாயம் இருந்தது. இன்று உழவை டிராக்டர் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கமலை போய் மின் மோட்டார் வந்து, அதை வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஓட்டவும் நிறுத்தவும் வசதி வந்துவிட்டது. அறுவடை எந்திரம் வயலில் இறங்கினால் அறுப்பும் அடிப்பும் தூற்றலும் ஒரே ஓட்டத்தில் முடிந்துபோகும். இவை பெரும்பாலும் ஆண்களின் வேலை நாளைச் சுருக்கியவை. கை நடவும் கைக்களையும், வெங்காயம் தாள் அறுப்பதும், மிளகாய் பறிப்பதும், வெண்டைக்காய் ஒடிப்பதும் இன்னும் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே இருக்கின்றன.

வீட்டுக்குள்ளும் எந்திரம் வராமல் இல்லை. தமிழக அரசு 2011-ல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது. 2016-க்குப் பின் கேஸ் இணைப்பு மேலும் பல வீடுகளுக்கு வந்தது. அம்மியும் ஆட்டுரலும் புழக்கடைக்குப் போயின. சுள்ளி பொறுக்க மலையடிவாரம் போவது குறைந்தது. இது பெரிய நிம்மதிதான். ஆனால் ஆட்டுரலில் கை வலிக்க மாவாட்டியவர் பெண். இன்று கிரைண்டரில் ஸ்விட்ச் போடுகிறவரும் பெண்ணே. மோட்டார் ஸ்விட்சைப் போட விரலிருக்கும் ஆணுக்குக் கிரைண்டர் ஸ்விட்சைப் போட விரல் இல்லாமல் போனது எப்படி என்று தெரியவில்லை.

எது ஆண் வேலை, எது பெண் வேலை என்பது வானத்திலிருந்து விழுந்த சட்டம் இல்லை என்பதற்கு வயலிலேயே சாட்சி இருக்கிறது. களை எடுப்பது காலம் காலமாகப் பெண்கள் வேலை; ஆண் குனிந்து களை பறித்தால் கேலி செய்வார்கள். திருந்திய நெல் சாகுபடி வந்து, உருளும் களைக்கருவியைத் தள்ளிக் களையை மடக்கி விடலாம் என்றதும், பல ஊர்களில் ஆண்கள் அதைக் கையில் எடுத்துக் கொண்டார்கள். நடவும் அப்படியே. கை நடவு பெண்களுடையது. நடவு எந்திரத்தின் இருக்கையிலோ ஆண். கருவி மாறியதும் வேலையின் சாதியும் மாறிவிட்டது. கூலியும் கூடியது என்பது தனிக் கதை.

தவசிப்பிள்ளையின் கரண்டி

‘ஆம்பிளைக்கு அடுப்பு வேலை வராது’ என்று சொல்லுகிறவர்கள் தென்காசிச் சீமையில் அதைச் சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்தலில் அவியலும் சொதியும் வைக்கிற தவசிப்பிள்ளைகள் ஆண்கள். கோவில் மடைப்பள்ளியில் கரண்டி பிடிக்கிறவர்கள் ஆண்கள். செங்கோட்டை அருகே பிரானூர் பார்டர் கடைகளில், குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்கிற பரோட்டாவுக்கு மாவு பிசைந்து, வீசி, அடித்து, கல்லில் போட்டு எடுக்கிறவர்களும் ஆண்களே. ஆயிரம் பேருக்குச் சமைக்க வருகிற கைக்கு ஐந்து பேருக்குச் சமைக்க வராதா? கூலி உண்டென்றால் வருகிறது. கூலி இல்லையென்றால் வரவில்லை. வீட்டுச் சமையலுக்கும் நாள் கூலி என்று யாராவது அறிவித்துவிட்டால் அடுப்படியில் கூட்டம் நெருக்கியடிக்கும்.

ஆண்கள் முழுநேரம் அடுப்படியில் உட்கார வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கஞ்சி வடிக்கவும், ஒரு துவையல் அரைக்கவும், உளுந்தஞ்சோறு பொங்கவும் தெரிந்திருந்தால் அவசரத்துக்கு வீடு பட்டினி கிடக்காது.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று இங்கே பொருந்தும். ஐரோப்பாவின் வடகோடியில் கடலுக்குள் இருக்கும் ஐஸ்லாந்து நாட்டில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்கள், அலுவலகத்திலும் ஆலையிலும் மட்டுமல்லாமல் வீட்டிலும் ஒரு நாள் வேலை செய்யாமல் நின்றார்கள். அந்நாட்டுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் கலந்து கொண்டார்கள். ஆண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொண்டு வேலைக்குப் போனார்கள். சுலபமாகச் சமைக்கலாம் என்று எல்லோரும் ஒரே இறைச்சிப் பண்டத்தைத் தேடியதால் கடைகளில் அது தீர்ந்து போயிற்று. அடுத்த ஆண்டே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் நிறைவேறியது. நம் பக்கம் அப்படி ஒரு நாள் நின்றால் பார்டர் கடைகளுக்கு நல்ல வியாபாரம் ஆகும்.

தட்டும் குடமும்

தென்காசி மாவட்டத்தில் வீட்டு வேலையைப் பற்றிப் பேசினால் பீடியைப் பற்றிப் பேசாமல் முடியாது. கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் பக்கங்களில் சிறு விவசாயிகள், விவசாயக் கூலிகள் வீடுகளில் பெண்களின் கை பீடி சுற்றிக் கொண்டே இருக்கும். மழை பொய்த்து வயல் காய்ந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தப் பீடித் தட்டுதான். 1966-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணும் தொழிலாளியே. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி ஆயிரம் பீடி முடிக்க நல்ல கைகாரிக்கும் ஒரு முழு நாள் ஆகும்.

வீட்டிலிருந்தே செய்கிற வேலைதானே, வீட்டையும் பார்த்துக் கொள்ளலாமே என்று சொல்வது வழக்கம். தொல்லையே அதில்தான் இருக்கிறது. வெளியே வேலைக்குப் போகிறவரை யாரும் நடுவில் எழுப்புவதில்லை. வீட்டில் தட்டோடு உட்கார்ந்திருப்பவரைக் குழாய்த் தண்ணீர் எழுப்புகிறது, பிள்ளை எழுப்புகிறது, மாடு எழுப்புகிறது, ‘ஒரு வாய் காப்பி’ என்ற குரலும் எழுப்புகிறது. ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் பத்துப் பதினைந்து பீடி குறையும். அந்தக் குறைவை இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஈடுகட்ட வேண்டும். நாள் முழுவதும் குனிந்த இடுப்பும், புகையிலைத் தூள் ஏறிய மூச்சும் அதற்குக் கொடுக்கும் விலை.

தண்ணீர் பிடிப்பது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது ஆகிய மூன்றை மட்டும் வீட்டு ஆண் ஏற்றுக் கொண்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது மிஞ்சும். மணிக்கு நூறு பீடி என்று வைத்தாலும், மாதம் 25 நாளில் 2,500 பீடி. இரண்டரை நாள் கூலி. அந்த நேரத்தில் பீடி சுற்றாமல் இடுப்பை நீட்டிப் படுத்தாலும் லாபந்தான். மருந்துக்கடைச் செலவு குறையும்.

கோர்ட்டும் சர்க்காரும் சொன்னது

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்பது இப்போது வெறும் மேடைப் பேச்சு இல்லை. 2021 ஜனவரியில் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணக்கிட்டே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. நீதிபதி என்.வி. ரமணா தன் தீர்ப்புரையில் 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக் காட்டினார். வீட்டு வேலையே தங்கள் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடிப் பேர். ஆண்கள் 58 லட்சம் பேருக்கும் குறைவு.

2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு, சொத்து வைத்திருக்கும் விவசாயிகள் தெரிந்து கொள்ள வேண்டியது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக் கொண்டார். வாங்கிய சொத்து தன் பணத்தில் வந்தது என்பது கணவரின் வாதம். மனைவி வீட்டைச் சுமந்ததால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது; அதனால் அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. வளைகுடா நாடுகளுக்கும் கேரளத்துக்கும் ஆட்கள் வேலைக்குப் போகிற இந்தப் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் வயல், மாடு, பாங்க் கடன் ஆகிய மூன்றையும் யார் பார்க்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ‘உதவித் தொகை’ என்று சொல்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் போகாத, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கென்று தொடங்கும்போது விதி இருந்ததால் சிறு விவசாயி வீடுகள் பெரும்பாலும் அதில் அடங்கின. பணம் வீட்டுப் பெண்ணின் கணக்கில் சேர்கிறது. அதை எடுத்து வர ஏ.டி.எம். கார்டை வாங்கிக் கொண்டு கிளம்பும் ஆண்கள் பெயரை மட்டும் நன்றாகப் படித்துக் கொள்வது நல்லது.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் படிப்படியாக வந்த காலை உணவுத் திட்டம் சிறு பிள்ளைகளின் பசியைப் போக்கியது. அதோடு, நடவுக்கும் களைக்கும் விடிகாலையில் ஓடும் தாய்மாரின் அடுப்படி வேலையிலும் ஒரு பங்கை எடுத்துக் கொண்டது. காலை ஏழு மணிக்கு வயலில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்தப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

யார் எதை எடுத்துக் கொள்வது?

வேலையைச் சரிபாதியாக அளந்து கட்டுவது நடக்காத காரியம். மடை பார்க்க ராத்திரியில் போகிறவரிடம் விடிகாலைக் காப்பி போடச் சொல்ல முடியாது. பருவத்துக்குத் தக்கபடி மாற்றிக் கொள்வதுதான் முறை. நடவு, களை, வெங்காய அறுப்பு நாட்களில் பெண்களுக்கு வயலில் நெருக்கடி. அந்த நாட்களில் தொழுவமும் தண்ணீரும் இரவுச் சமையலும் ஆண்கள் பக்கம் வரலாம். வரப்பு வெட்டு, மருந்தடிப்பு, காய்கறியைப் பாவூர்சத்திரம் சந்தைக்கு ஏற்றும் நாட்களில் ஆண்களுக்கு நெருக்கடி. அப்போது மாறிக் கொள்ளலாம். ஓணம் நெருங்கிக் கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகும் ஆவணி மாதத்தில் இருவருக்குமே மூச்சு விட நேரமிருக்காது. அந்த வாரங்களில் வீட்டிலுள்ள பெரியவர்களும் வளர்ந்த பையன்களும் கை கொடுக்க வேண்டும்.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பெண் பிள்ளை தம்பிக்குச் சோறு ஊட்டும். பதினாறு வயதுப் பையன் தான் சாப்பிட்ட தட்டை வைத்த இடத்தில் விட்டுவிட்டு எழுந்து போவான். அம்மாவே ‘நீ போய்ப் படி’ என்று அவனை அனுப்பி வைப்பார். பெண்ணும் அதே பரீட்சைக்குத்தான் படிக்கிறாள் என்பது அப்போது யார் நினைவுக்கும் வருவதில்லை. புளியரைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2024-ல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் தகப்பனார் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படத்தைப் போட்டிருக்கிறார்கள். தேங்காயை மரத்தில் ஏறிப் பறிப்பதும், கடப்பாரையில் உரிப்பதும் ஆண் வேலை என்று ஒப்புக் கொள்கிறவர்கள், அதைத் துருவுவதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

தயக்கத்துக்குப் பெரிய காரணம் ஊர் வாய்தான். ஆண் ஒருவர் தெருக் குழாயில் குடத்தோடு நின்றால் ‘பொண்டாட்டிதாசன்’ என்ற பட்டம் உடனே கிடைக்கும். மாமியார்மார் சிலர் அதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள். தொடக்கத்தில் செயற்கை உரம் போட்டவரையும், பிறகு அதைக் குறைத்துத் தொழுவுரத்துக்குத் திரும்பியவரையும் ஊர் இப்படித்தான் கேலி செய்தது. வண்டிப் பாதையோரத்து வயலில் விளைச்சல் கூடித் தெரிந்த பிறகு கேலி செய்தவர்களே விதை கேட்டு வந்தார்கள்.

இப்போது தொடங்க நினைப்பவர்கள் தொழுவத்தில் தொடங்கலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் சாணம் அள்ளுவதும் வாசலுக்கு வெளியே உள்ள வேலை என்பதால் கூச்சம் குறைவு. விடிகாலையில் அதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நடவு ஆட்கள் ஏழு மணிக்கு வந்து நிற்கும்போது வீட்டுப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, அவர்களோடு சேர்ந்தே தொழிக்குள் இறங்க அந்த முக்கால் மணி நேரம் போதும். இதுவரை அவர் சாப்பிடாமல் இறங்கிக் கொண்டிருந்தார்.